நடுவில் கிடந்த நாற்பத்தேழு

பத்தாவது கேள்வியைப் படித்ததும் வடிவு பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

முதல் ஒன்பதும் ஒன்றுமில்லை. நிற வளையத்தைப் பார்த்து மதிப்பு சொல், கெப்பாசிட்டரில் மைனஸ் கால் எது, சால்டர் ஒட்டாமல் உதிர்வது ஏன் என்று கேட்டிருந்தார்கள். பதினாறு வருஷம் யு.பி.எஸ். போர்டு பழுது பார்த்தவளிடம் இதைக் கேட்பது, மீன்காரியிடம் வால் எந்தப் பக்கம் என்று கேட்பது மாதிரி. கால் மணியில் முடித்துவிட்டு, கேன்டீன் மேசையில் ஒட்டியிருந்த பழைய சாம்பார்த் துளியைச் சுரண்டிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். அங்கே படம் போட்டிருந்தார்கள்.

மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. மேல்முனையிலிருந்து இரண்டு வழி கிளம்புகிறது. இடது வழியில் முதலில் பத்து ஓம், அப்புறம் இருபது. வலது வழியில் முதலில் பதினைந்து, அப்புறம் முப்பது. இரண்டும் கீழ்முனையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். இரண்டு வழிக்கும் நட்டநடுவில், ஏணிக்குப் படி வைத்த மாதிரி, குறுக்கே ஒரு நாற்பத்தேழு. ‘இரு முனைகளுக்கு இடையே மொத்த மின்தடை எவ்வளவு? வழிமுறையுடன் எழுதுக.’

கடிகாரத்தில் முக்கால் மணி மிச்சமிருந்தது. எழுதுகிறவர்கள் பதினோரு பேர். இடம் ஒன்று.

கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டைக் காலிசெய்துகொண்டு ஒரகடத்துக்குப் போகிறது. போகும்போது மெஷின், மேசை, மின்விசிறி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகிறது. ரிவொர்க் ஆட்களில், அதாவது போர்டு பழுது பார்க்கிறவர்களில், மட்டும் ஒரே ஒருவரை, டெஸ்ட் டெக்னீஷியன் என்று பெயர் மாற்றிக் கூட்டிப்போகும். யார் அந்த ஒருவர் என்பதற்குத்தான் இந்தச் சனிக்கிழமைப் பரீட்சை.

வடிவுக்கு வேலை போகப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே அவள் அண்ணன் பச்சையப்பன், கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருக்கும் தன் பாத்திரக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுவிட்டான். “உனக்குத்தான்மா. எப்ப வேணா வந்து குந்து” என்று போனில் சொன்னான். பாசம்தான். ஆனால் எட்டு வயதிலிருந்து இருபத்தேழு வயது வரை அந்தக் கடையில் குக்கர் விற்றவளுக்கு அந்தப் பாசத்தின் அளவு தெரியும். யாரும் வாங்காமல் போன அண்டாவைக்கூடப் பேசியே தள்ளிவிடுவாள். வாங்கினவர்கள் “பச்சையப்பன் தங்கச்சி கெட்டிக்காரி” என்பார்கள். வடிவு என்று ஒருவரும் சொன்னதில்லை. இங்கே, நாலாவது வரிசையில், அவள் பெயர் ஒட்டிய பெஞ்ச் ஒன்று உண்டு. நூம்பல் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அந்தப் பெயருக்கு முன்னால் உட்காருவதற்காகத்தான் பதினாறு வருஷம்.

பேனாவைக் கையில் எடுத்தாள்.

அவள் கண்ணுக்கு முதலில் பட்டது ஜோடி. மேலே பத்தும் பதினைந்தும் பக்கத்தில் பக்கத்தில். கீழே இருபதும் முப்பதும் பக்கத்தில் பக்கத்தில். அவர்களுடைய யு.பி.எஸ். போர்டில் சூடு தாங்குவதற்காக எந்த ரெசிஸ்டரையும் தனியாக விடமாட்டார்கள்; பக்கத்தில் துணைக்கு ஒன்றைப் படுக்கவைத்து, இரண்டு தலையையும் சேர்த்து, இரண்டு காலையும் சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். அந்த லைனில் வேலை பார்க்கும் எவருக்கும் பக்கத்தில் படுத்திருப்பதெல்லாம் ஜோடிதான். ஜோடிக்குக் கணக்கும் மனப்பாடம்: இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகு. பத்தும் பதினைந்தும் ஆறு. இருபதும் முப்பதும் பன்னிரண்டு. ஆக மொத்தம் பதினெட்டு.

எழுதிவிட்டாள். எழுதின பிறகுதான் நாற்பத்தேழு அவளைப் பார்த்தது.

இவனை என்ன செய்வது? சும்மா கிடக்கிறவனை எதற்கு வரைவார்கள்? ஒரு ஸ்குரூ கூடுதலாகப் போனால் வீட்டுக்கு இழவு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் கம்பெனி இது. வேலை செய்யாத ரெசிஸ்டரைப் படத்தில்கூடப் போடாது. மறுபடி பார்த்தாள். மேலே தலை இரண்டும் சேர்ந்திருக்கின்றன, சரி. ஆனால் பத்தின் காலும் பதினைந்தின் காலும் சேரவில்லை; நடுவில் நாற்பத்தேழு உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் இது ஜோடியே இல்லை. பதினெட்டின் மேல் கோடு கிழித்தாள்.

அடுத்த இருபது நிமிடத்தில் அவள் செய்ததையெல்லாம் சொன்னால் அவளுக்கே மானக்கேடு. நாற்பத்தேழைப் பதினெட்டோடு கூட்டினாள், அறுபத்தைந்து. அடித்தாள். இருபதோடு ஜோடி சேர்த்தாள். அடித்தாள். தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். ரெசிஸ்டர்களும் தலைகீழாயின, வேறொன்றும் நடக்கவில்லை. உள்ளங்கை வேர்வையில் மை பரவி, முப்பது எண்பது மாதிரி ஆயிற்று. சிவப்பு ஸ்டூல் கண்முன்னே வந்து நின்றது. அண்ணி அதைத் தினமும் துடைக்கிறாளாம்.

கழுத்து தானாகத் திரும்பியது. பக்கத்து மேசையில் ஜோசப்ராஜ், ஆவடிக்காரர், ஐம்பது வயது, பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு அடுத்த பெஞ்ச். மனிதர் எழுதிமுடித்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாள்மேல் அவருடைய முழங்கை, ஆலமரம் மாதிரி.

“க்கும்” என்று ஒரு இருமல். எச்.ஆர். சௌம்யா, கையில் காப்பிக் கோப்பையோடு, வடிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். காது சுட்டது. மிச்சம் பன்னிரண்டு நிமிடம்.

இனி படத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று கண்ணை மூடினாள். மூடினதும் படம் போய் போர்டு வந்தது. போர்டு வந்ததும் கை வந்தது. போர்டில் பற்றவைத்திருக்கும் ரெசிஸ்டரை அப்படியே அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். அக்கம்பக்கத்து வழியெல்லாம் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். அதனால் ரிவொர்க்கில் முதல் பாடம், சந்தேகமான ஆளின் ஒரு காலைத் தூக்கு. தூக்கினால் அவன் அங்கே இருந்தும் இல்லாதவன்.

நாற்பத்தேழின் காலைத் தூக்கினாள்.

இப்போது இடது வழி பத்தும் இருபதும் சேர்ந்து முப்பது. வலது வழி பதினைந்தும் முப்பதும் சேர்ந்து நாற்பத்தைந்து. இந்த இரண்டும் மேலும் சேர்ந்திருக்கின்றன, கீழும் சேர்ந்திருக்கின்றன, நிஜ ஜோடி. முப்பதையும் நாற்பத்தைந்தையும் பெருக்கினால் ஆயிரத்து முந்நூற்றைம்பது. வகுக்க எழுபத்தைந்து.

பதினெட்டு.

இந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தாளில் தேடினாள். முதல் வரியிலேயே, அவள் கிழித்த கோட்டுக்கு அடியில் கிடந்தது. அது என்ன கணக்கு? இரண்டு காலையும் சேர்த்துப் பற்றவைத்த கணக்கு. அதாவது நாற்பத்தேழு இருக்கும் இடத்தில் ஒரு வெறும் கம்பியைப் போட்டுவிட்ட கணக்கு. நடுவில் வழியே இல்லையென்றாலும் பதினெட்டு. நடுவில் வழி அகலமாகத் திறந்துகிடந்தாலும் பதினெட்டு. அப்படியானால் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் இந்த நாற்பத்தேழு மட்டும் எங்கே போய்விடும்?

அவசரமாக எழுதினாள்: ‘நடுவில் உள்ளதன் காலைத் தூக்கினால் 18. கம்பி போட்டு இணைத்தால் 18. எனவே 18.’ அதற்குமேல் எழுத அவளுக்குச் சமன்பாடு தெரியாது. மணியும் அடித்துவிட்டது.

அரை மணி கழித்து இரண்டே பெயரைக் கூப்பிட்டார்கள். ஜோசப்ராஜ், வடிவு.

கேன்டீனில் மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சௌம்யாவும், ஒரகடத்திலிருந்து வந்திருந்த டெஸ்ட் எஞ்சினியர் தினகரனும். இருபத்தேழு வயது இருக்கும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிற பிள்ளை. அவன் முன்னால் இரண்டு தாள்.

“முதல் ஒம்பது கேள்வியும் ரெண்டு பேருக்கும் சரி” என்றான் தினகரன். “பத்தாவதுக்கு மத்த ஒம்பது பேர் ஒம்பது விடை எழுதியிருக்காங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் பதினெட்டு. சரியான விடை பதினெட்டுதான்.”

ஜோசப்ராஜ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். வடிவு மூச்சை விட்டாள். பாதி விட்டதும் சௌம்யா பேசினாள்.

“ஜோசப்ராஜ் தாள்ல ஒரு அடித்தல் இல்ல. ஆறு, பன்னெண்டு, பதினெட்டு. வடிவு, உங்க தாள்ல முதல்ல பதினெட்டு. அதை அடிச்சிருக்கீங்க. அப்புறம் அறுபத்தஞ்சு, அது இதுன்னு ஏழு விடை. அப்புறம் எட்டிப் பாத்தீங்க, நானே பாத்தேன். அப்புறம் மறுபடியும் பதினெட்டு. நான் என்ன நினைக்கணும்?”

“எட்டிப் பாத்தேன் மேடம்” என்றாள் வடிவு. “இல்லன்னு சொல்லல. ஒண்ணும் தெரியல. ஜோசப்ராஜ் அண்ணன் கைய வெச்சி மறைச்சிகினு இருந்தாரு.”

“எவ்ளோ நேர்மை!” என்றாள் சௌம்யா.

ஜோசப்ராஜ் குறுக்கே வந்தார். “இன்னா மேடம், தங்கச்சி அப்டியெல்லாம் அடிக்காது. என்னியப் பாத்து காப்பி அடிக்கிற அளவுக்கு நான் இன்னா ஃபர்ஸ்ட் ரேங்கா? ஐ.டி.ஐ.லயே மூணு அரியர்.”

நல்ல மனிதர். அவர் காப்பாற்றக் காப்பாற்ற வடிவு இன்னும் ஆழத்தில் போனாள். அவர் தாள் மேசையில் விரித்துக் கிடந்தது, தலைகீழாகவே படித்துவிட்டாள். ஆறும் பன்னிரண்டும். ஜோடிக் கணக்கு. அவள் முதலில் செய்து கோடு கிழித்த அதே தப்பு, குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், சரியான விடையோடு உட்கார்ந்திருந்தது. தப்பான வழியில் போனவர் வந்துசேர்ந்துவிட்டார். சரியான வழியில் வந்தவளுக்குத் திருடி என்று பெயர்.

சொல்லலாம். ‘அண்ணன் போட்டது தப்பு’ என்று மூன்றே சொல். ஆனால் பன்னிரண்டு வருஷமாக அவளுடைய டப்பாவிலிருந்து ஊறுகாயும் அவருடைய டப்பாவிலிருந்து மீன் வறுவலும் இடம் மாறியிருக்கின்றன.

தினகரன் அவள் எழுதிய இரண்டு வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தான். “இது என்ன? காலைத் தூக்கினாலும் பதினெட்டு, கம்பி போட்டாலும் பதினெட்டு. அதனால எப்படி இதுவும் பதினெட்டு ஆகும்?”

“சார், எங்க அண்ணன் பாத்திரக்கடை வெச்சிகினு கீறாரு” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, கொஞ்சம் ஏற்றினாள். “ஒரு குக்கருக்கு கடைக்காரன் ஒரு வெல சொல்லுவான். அதுக்கு மேல போவாது. வாங்க வந்தவ ஒண்ணு கேப்பா. அதுக்குக் கீழ வராது. படியற வெல எப்பவும் ரெண்டுக்கும் நடுவுலதான். இதுவும் அப்டித்தான் சார். நடுவுல வழிய அடைச்சா, கரண்ட்டு போறது இன்னும் கஷ்டமாவுமே தவிர சுலபமாவாது. அது மேல் வெல. நடுவுல கம்பி போட்டு தொறந்து வுட்டா, சுலபமாவுமே தவிர கஷ்டமாவாது. அது கீழ் வெல. நாப்பத்தேழு போட்டா ரெண்டுக்கும் நடுவுலதான் வரணும். கடைக்காரன் சொன்னதும் பதினெட்டு, வாங்கறவ கேட்டதும் பதினெட்டுன்னா, அப்புறம் பேரம் எதுக்கு சார்?”

தினகரன் கண்ணாடியைத் துடைக்க எடுத்தவன் துடைக்காமல் வைத்திருந்தான்.

“கேக்க நல்லா இருக்கு” என்றாள் சௌம்யா. “வெளியில அரை மணி நேரம் இருந்துச்சே, யோசிக்க.”

“ரெண்டு பேருக்கும் இன்னொண்ணு குடுத்துருவோம்” என்றான் தினகரன். எழுந்து போய், இன்றைய சிறப்பு லெமன் ரைஸ் என்று எழுதியிருந்த கரும்பலகையை அழித்தான். அதே ஏணிப் படம். ஆனால் இடது வழியில் மேலே பத்து, கீழே முப்பது. வலது வழியில் மேலே முப்பது, கீழே பத்து. நடுவில் அதே நாற்பத்தேழு. “தாள் வேணாம். வாயாலயே சொல்லுங்க. ஜோசப்ராஜ் முதல்ல.”

ஜோசப்ராஜின் உதடு இரண்டு தடவை அசைந்தது. “மேல ஏழரை. கீழ ஏழரை. பதினஞ்சு சார்.” கடையில் சில்லறை கொடுக்கிற வேகம்.

தினகரன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “வடிவு?”

அவள் காலைத் தூக்கினாள். இரண்டு வழியும் நாற்பது நாற்பது. ஜோடி சேர்ந்தால் இருபது. கம்பி போட்டாள். ஏழரை, ஏழரை, பதினைந்து. இரண்டு விலையும் ஒன்றாக வரவில்லை. இந்தத் தடவை பேரம் உண்டு.

“பதினஞ்சுக்கு மேல. இருவதுக்குக் கீழ.”

“எவ்வளவு?” என்றாள் சௌம்யா.

“அவ்ளோதான் மேடம் என் கணக்குல வரும்.”

“அவர் ஒரு நம்பர் சொன்னார். நீங்க ஒரு தெருவையே சொல்றீங்க. டெஸ்ட் ரிப்போர்ட்ல ‘பதினஞ்சிலேர்ந்து இருபது வரை எங்கயாவது’ன்னு எழுதுவீங்களா? ஒரு நம்பர் சொல்லுங்க. இல்லன்னா முடிச்சுக்கலாம்.”

சமையல்கட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் வடிவின் பல்லில் இறங்கியது. தெரியாத எண்ணைச் சொல்லித் தப்பாகப் போனால் திருடி என்பது உறுதி. சொல்லாவிட்டாலும் உறுதி. ஜோசப்ராஜ் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். ‘பதினஞ்சுன்னு சொல்லிடு’ என்று அந்தத் தலை சொன்னது. அவர் மனசார உதவிசெய்கிறார் என்பதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

எந்தப் பேரமும் இரண்டு பேரில் யார் பிடிவாதக்காரரோ அவர் பக்கம் சாயும். இங்கே யார்? நாற்பத்தேழைப் பார்த்தாள். கூட இருப்பவர்களெல்லாம் பத்தும் முப்பதும். இவன்தான் பெரிய கை; லேசில் யாரையும் உள்ளே விடமாட்டான். பாதி அடைத்த கதவு. திறந்துகிடப்பதைவிட அடைத்துக்கிடப்பதற்குத்தான் கிட்டே. அப்படியானால் இருபது பக்கம். ஆனால் இருபதை ஒட்டியும் இருக்காது, கொஞ்சமாவது கசியும். பதினேழரை சரிபாதி. அதைத் தாண்டி…

“பதினெட்டரை” என்றாள்.

“நிச்சயமாவா?”

“இல்ல சார். பதினெட்டுக்கு மேல, பத்தொம்போதுக்குக் கீழ. ஒண்ணுதான் சொல்லணும்னா பதினெட்டரை. பதினஞ்சு மட்டும் வரவே வராது. பதினஞ்சு வரணும்னா நடுவுல வெறும் கம்பி இருக்கணும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஜோசப்ராஜின் பக்கம் திரும்பவில்லை.

தினகரன் லேப்டாப்பில் ஐந்து எண்ணையும் தட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு யுகம் எடுத்துக்கொண்டான். பிறகு லேப்டாப்பைச் சௌம்யா பக்கம் திருப்பினான். பிறகு, கேட்காமலே, இவர்கள் பக்கம்.

பதினெட்டு புள்ளி ஐந்து சொச்சம்.

தினகரன் மெதுவாகச் சொன்னான். “அந்த முதல் கணக்குல ரெண்டு பக்கமும் விகிதம் ஒண்ணு. பத்துக்கு இருபது, பதினஞ்சுக்கு முப்பது. அதனால நடுவுல கரண்ட்டே ஓடாது. கம்பின்னு நினைச்சுப் போட்டாலும் விடை மாறாது. உங்களுக்கு அப்படித்தான் வந்துருச்சு, ஜோசப்ராஜ் சார்.”

“நான் ஜோடின்னு நெனச்சிட்டேன் சார்” என்றார் ஜோசப்ராஜ். “நம்ம போர்டுல எல்லாம் ஜோடிதான் சார். நடுவுல இருக்கிறத டம்மின்னு வுட்டுட்டேன்.”

“தெரியுது சார்.”

“தப்பா போட்டு சரியா வந்தா மார்க்கு கெடையாதா?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருந்தார்; சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. தினகரன் கரும்பலகையைத் துடைக்கப் போனான்.

சௌம்யா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரகடத்து வேலைக்கான படிவத்தை எடுத்து வடிவின் முன் வைத்து, எங்கே கையெழுத்து என்று நகத்தால் காட்டினாள். வடிவு போட்டாள். பெயரை முழுசாக, புள்ளி விடாமல் எழுதினாள். பக்கத்தில் ஜோசப்ராஜ் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை ஒழுங்காகச் சுற்றி, மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே பதினொன்றரை வெயில். எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள், வழக்கம்போல ஒரு ஆள் இடைவெளி விட்டு. ஒரு கன்டெய்னர் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

“ண்ணே…” என்றாள்.

“இன்னா ண்ணே கிண்ணே. நல்லாத்தான் போட்ட.” அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் தலைய ஆட்டுனேனே, பதினஞ்சுன்னு. நீ அத்தக் கேட்டிருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா ஊட்டுக்குப் போயிருப்போம்.”

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சமாதானம் சொல்ல ஆரம்பிப்பார் என்று அடக்கிக்கொண்டாள்.

“நான் உள்ள அப்டிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே. வெறும் கம்பி அது இதுன்னு.”

“சொல்லாம? அப்புறம் உன்ன திருடின்னு எழுதி அனுப்பியிருப்பா அந்தம்மா. எனக்கு அம்பது ஆவுது வடிவு. எம் பொண்ணு ரியா காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம். எனக்கும் அந்த இடம் வேணும்தான். அடிச்சிப் புடிச்சி உங்கிட்ட இருந்து வாங்கியிருப்பேன், வழி தெரிஞ்சிருந்தா. தெரியல.”

ஆவடி பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அவர் சாப்பாட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அப்போதுதான் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

“அங்க புது லைன் ஓட்டும்போது ரிவொர்க்குக்கு ஆள் பத்தாம போவும். எல்லா எடத்துலயும் போவும். அந்த எஞ்சினியர் பையன் கிட்ட என் பேரச் சொல்லுவியா?”

“சொல்றேண்ணே.”

“சொல்றேன்னா எப்போ?”

“சேர்ந்த அன்னிக்கே.”

“அன்னிக்கு வேணாம். சேர்ந்த அன்னிக்கே சிபாரிசு பண்ணா உன்ன இளப்பமா நெனைப்பாங்க. ஒரு மாசம் போவட்டும். ஒரு மாசம் கழிச்சி மறக்காம சொல்லு.”

“ஒரு மாசமெல்லாம் ஆவாதுண்ணே. பதினஞ்சு நாள்.”

“இருவது.”

“பதினஞ்சுதான். சொல்லி வெச்ச மாதிரி பதினஞ்சாம் நாளு சொல்றேன்.”

“சரி” என்று ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பும்போது படிக்கட்டிலிருந்து ஏதோ கத்தினார். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. வடிவு சரி சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.